பதினேழு வயதில் தாயானவளின் பிள்ளை படிப்பில் பின்னுக்கு நிற்பது ஏன்?

#1 பனங்கூடல்

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தரம் 1 படிப்பிக்கிறேன். பதினெட்டு வருடமாக இதே வகுப்புத்தான். புதிதாக வரும் பிள்ளைகளை முதல் இரண்டு கிழமையும் சும்மா விளையாட விட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பேன். யார் பென்சிலை எப்படிப் பிடிக்கிறார்கள், யார் கேட்டதற்கு மறுமொழி சொல்கிறார்கள், யார் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதெல்லாம் அந்த இரண்டு கிழமையில் தெரிந்துவிடும்.

இந்த முறை ஒரு பெடியன் வந்திருக்கிறான். ஆறு வயது ஆகப் போகிறது, ஆனால் வரிசையில் ஆகச் சின்னவன் அவன்தான். வெள்ளைச் சட்டையின் கை முழங்கைக்குக் கீழே தொங்குகிறது. பூனைப் படத்தைக் காட்டினால் விரலால் தொடுவான், பெயர் சொல்ல மாட்டான். பதினொரு மணி ஆனதும் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவான். அவனை விட வந்த பெண்ணைத் தமக்கை என்று நினைத்து, "அம்மாவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ பிள்ளை" என்றேன். "நான்தான் ரீச்சர் அம்மா" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வயது இருபத்துமூன்று. பதினேழில் பெற்றிருக்கிறாள்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒருவர் சட்டென்று, "சின்ன வயதில் பெத்தால் பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்றார். வேறு ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. தாயின் வயதுதான் காரணமா? அல்லது அந்த வீட்டின் வறுமையா? வயதுதான் என்றால், பிறந்து ஆறு வருடம் கழித்து நான் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டும் எதையும் நான் எழுத மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம்.

#2 கடலோரம்

ரீச்சர், குறை நினைக்க வேண்டாம். என்னுடைய அம்மம்மா பதினாறு வயதில் முதல் பிள்ளை பெற்றவ. ஒன்பது பெற்றவ. என்னுடைய அம்மாவும் மாமாமாரும் நன்றாகத்தானே படித்தார்கள், ஒரு மாமா அரசாங்க எழுதுவினைஞர். அந்தக் காலத்தில் ஒருவரும் வயதைக் கணக்குப் பார்க்கவில்லை. இப்போதுதான் எல்லாவற்றையும் ஒரு பிரச்சினையாக்கி விட்டோம் என்று நினைக்கிறேன்.

#3 செம்பருத்தி

கடலோரம் தம்பி, அம்மம்மா ஒன்பது பெற்றவ என்றீர்கள். எத்தனை தப்பியது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நான் 31 வருடம் குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள். எங்கள் சனம் சொல்கிற மாதிரிச் சொன்னால் மிட்வைஃப். அப்படிப்பட்ட அம்மம்மாக்கள் நூறு பேரோடாவது கதைத்திருப்பேன். "பத்துப் பெத்தனான், ஆறு இருக்கு" என்பார்கள். மிச்ச நாலையும் பற்றிக் கேட்டால் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வார்கள். மறக்கவே இல்லை.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றில் 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். 1950 அளவில் அது 500ஐ ஒட்டி இறங்கியது, இன்று சில பத்துக்குள் நிற்கிறது. மலேரியாவை அடக்கினோம், வீடு வீடாக மருத்துவமாது போனா, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுவது வழக்கமாயிற்று, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இத்தனையும் சேர்ந்துதான் இந்த மாற்றம் வந்தது. அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்வதற்கு உயிரோடு மிஞ்சியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், தம்பி.

ரீச்சரின் கேள்விக்கு வருகிறேன். வயதும் காரணம்தான், ஆனால் அது காரணத்தில் ஒரு பகுதி. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. உயரம் நின்றாலும் இடுப்பெலும்பு அதற்குப் பிறகும் விரிந்துகொண்டு இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் இன்னொரு உயிர் வந்தால், ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவது போல ஆகிவிடும். கிளினிக்கில் இரத்தம் சோதித்தால் எச்பி, அதாவது ஹீமோகுளோபின், எட்டு, ஒன்பது என்று குறைவாக வரும். அந்தப் பிள்ளைகள் பெறுகிற குழந்தைகளில் 2.5 கிலோவுக்குக் குறைந்தவை கூட. மாதம் நிறையாமல் பிறப்பதும் கூட.

ஆனால் என்னை ஆகக் கவலைப்படுத்தியது அது இல்லை, ஒளித்து வைப்பதுதான். கர்ப்பம் என்றால் எட்டுக் கிழமைக்குள் எங்களிடம் பதிய வேண்டும். இந்தப் பிள்ளைகள் ஐந்து மாதம், ஆறு மாதத்தில்தான் வருவார்கள். பெல்ட் மாதிரித் துணியைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். அதற்குள் ஃபோலிக் அமிலம் கொடுக்க வேண்டிய காலம் போய்விடும். இரும்புச்சத்து மாத்திரை தொடங்க வேண்டிய நேரமும் பிந்திவிடும். பிரஷர் ஏறுகிறதா என்று பார்க்க முதல் அளவே இருக்காது.

#4 இளவேனில்

நான் குழந்தை மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். செம்பருத்தி அக்கா சொன்னதற்கு ஆய்வுகளும் ஒத்து நிற்கின்றன.

பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாபிரிக்கா ஆகிய 5 நாடுகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பெரியவர்கள் ஆகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தம் 19,000 பேருக்கு மேல். முடிவு 2015இல் வந்தது. 20 முதல் 24 வயதுத் தாய்மாரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 19 அல்லது அதற்குக் கீழ்ப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் நிறை குறைந்தும் குறைமாதத்திலும் பிறப்பது கூட. இரண்டு வயதில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதும், பின்னால் இடைநிலைக் கல்வியை முடிக்காமல் விடுவதும் கூட. குடும்பத்தின் வசதி, தாயின் படிப்பு, தாயின் உயரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் முழுக்க மறையவில்லை. ஆகவே வயதுக்கென்று ஒரு பங்கு இருக்கிறது.

இன்னொன்று இந்தியாவில், 60,000 தாய்மாரின் தரவை வைத்துச் செய்தது, 2019இல் வெளிவந்தது. பதின்ம வயதில் பெற்றவர்களின் பிள்ளைகளில் குட்டையாக இருப்போர், வளர்ந்த பிறகு பெற்றவர்களின் பிள்ளைகளை விட நூற்றுக்குப் பத்துப் பேர் அதிகம். அது எந்த வழியால் நடக்கிறது என்றும் தேடினார்கள். தாயின் உடல்நிலை ஒரு வழி. தாய் படிப்பை இடையில் விட்டது, வீட்டின் வறுமை, கிளினிக்கும் மலசலகூட வசதியும் சரியாகக் கிடைக்காதது ஆகியவை மற்ற வழிகள். உங்கள் ஆசிரியர் அறையில் "அப்படித்தான் இருக்கும்" என்றவருக்கு என் மறுமொழி இதுதான்: வயதை நாம் திருப்ப முடியாது, ஆனால் வயது பிள்ளையைத் தாக்குகிற வழிகளில் பலவற்றை அடைக்க முடியும்.

அப்புறம் ரீச்சர், அந்தப் பெடியனின் காதையும் கண்ணையும் பார்த்தார்களா? பெயர் சொல்லாத பிள்ளை என்றால் முதலில் காதைப் பாருங்கள். தரம் 1 பிள்ளைகளுக்கு எப்படியும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அது வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

#5 பனங்கூடல்

நன்றி டொக்டர். காது பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாளைக்கே அந்தப் பிள்ளையோடு கதைக்கிறேன். (தாயைத்தான் பிள்ளை என்கிறேன். எனக்கு அப்படித்தான் வருகிறது.)

#6 ரொறன்ரோ வாசன்

ஊரில் இப்படி நடக்கிறது என்று வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இங்கே எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. இப்படியான தாய்மாருக்கு மாதம் மாதம் பால்மா ரின் வாங்கிக் கொடுக்க ஒழுங்கு செய்யலாமா?

#7 செம்பருத்தி

தம்பி, உங்கள் மனம் நல்லது. ஆனால் பால்மா ரின் மட்டும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். ரின் வீட்டுக்கு வந்தால், "உனக்குப் பால் காணாது" என்று மாமியார் முதலில் போத்தலைத்தான் எடுப்பா. சின்னத் தாய்க்குத் தன்னில் நம்பிக்கை கிடையாது, விட்டுவிடுவாள். பிறகு ரின் முடிந்ததும் மிச்சத்தைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பார்கள்.

திரிபோஷா என்ற அரசாங்கச் சத்துமாவுக்கு நடந்ததையே பார்த்திருக்கிறேன். கர்ப்பவதிக்கென்று நாங்கள் மாதம் இரண்டு பைக்கற் கொடுப்போம். ஒரு வீட்டுக்குப் போனபோது, அம்மம்மா அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு இருந்தா. வீட்டில் ஏழு பேர். வயிற்றுப்பிள்ளைக்காரி திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு ஒரு உருண்டை. அவளே சின்னப் பிள்ளைதானே, தம்பிமாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் சாப்பிடுவாளா? அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது எல்லோருக்குமான அரிசியும் முட்டையும். அதற்குப் பிறகுதான் திரிபோஷா அவளுக்குப் போய்ச் சேரும்.

#8 இளவேனில்

அக்கா சொன்னதோடு ஒன்று. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87இல் வறிய பகுதிகளில் இருந்து உயரம் குறைந்த 129 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தார்கள். 9 மாதம் முதல் 2 வயது வரையான குழந்தைகள். சிலருக்குப் பால் கலந்த சத்துணவு கொடுத்தார்கள். சிலரின் வீட்டுக்குச் சாதாரண சமூக சுகாதார ஊழியர் கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் போய், வீட்டில் கிடைக்கிற பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து, பிள்ளையோடு எப்படிக் கதைப்பது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இரண்டு வருடம் நடந்தது. இருபது வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தால், விளையாட்டுக் காட்டிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பு மற்றவர்களை விட 25 சதவீதம் கூடியிருந்தது. சத்துணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் கையிருப்பே குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வருடத்தில் அது இல்லாவிட்டால் பிள்ளையின் கவனமும் கற்கும் திறனும் அடிபடும். ஆனால் சாப்பாட்டைப் போலவே கதையும் பிள்ளைக்கு உணவு. பதினேழு வயதுத் தாய்க்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

#9 மகளுக்காக

நான் இங்கே வாசிப்பேன், எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 28 வயது. பதினேழில் மகள் பிறந்தாள். அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தா. அப்பா இல்லை. அம்மம்மாவோடுதான் இருந்தேன். பதினொராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது அவரோடு போய்விட்டேன். ஏன் போனாய் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா" என்று கேட்டார், அவ்வளவுதான்.

மகள் 2 கிலோ 100 கிராம். எனக்கு அப்போது 41 கிலோ. பிள்ளை பெறப் போன இடத்தில் ஒருவர் எல்லோருக்கும் கேட்க, "இதுக்கு மட்டும் வயது வந்திட்டுதோ" என்று கேட்டா. பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டா. அதற்குப் பிறகு கிளினிக் திகதி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு தரம் போகவில்லை. மகளின் நிறை குறிக்கிற கார்டில் அந்த இரண்டு மாதமும் புள்ளி இல்லை. அடுத்த புள்ளி பச்சைக்குக் கீழே, நிறை குறைவைக் காட்டும் செம்மஞ்சளுக்குள் விழுந்திருந்தது.

எனக்குப் பிள்ளையோடு கதைக்கத் தெரியாது. ஏணையில் போட்டு ஆட்டுவேன், பாட்டுக்கு ஃபோனைப் பக்கத்தில் வைத்துவிடுவேன். பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று நினைத்தேன். ஒன்றரை வயதிலும் "அம்மா" சொல்லவில்லை. அப்போது எங்கள் பகுதிக்கு வந்த மிட்வைஃப் அன்ரி நெருப்புப் பெட்டிக்குள் நாலு புளியங்கொட்டை போட்டு மூடி, மகளின் காதுக்குப் பக்கத்தில் கிலுக்கிக் காட்டினா. மகள் திரும்பினாள். "இப்ப நீ 'கிலுகிலு' எண்டு சொல்லு, அவள் உன்ர வாயைப் பாப்பாள்" என்றா. நான் சொன்னேன். மகள் என் வாயையே பார்த்தாள். அன்றைக்கு நான் அழுதேன்.

அதற்குப் பிறகு வாயை மூடவில்லை. கிணற்றடியில் தண்ணி அள்ளும்போது வாளி, கயிறு, துலா என்று சொல்வேன். முருங்கை இலை ஆயும்போது ஒவ்வொரு காம்பையும் அவள் கையில் கொடுத்துச் சொல்வேன். அயலில் இருப்பவர்கள், "இவளுக்கு என்ன நடந்தது, தனியக் கதைக்கிறாள்" என்றார்கள். இரண்டரை வயதில் மகள் நிறுத்தாமல் கதைக்கத் தொடங்கினாள். இப்போது தரம் 5. போன மாதம் கூட வகுப்பில் பேச்சுப் போட்டியில் நின்றாள். உயரம் மட்டும் இன்னும் குறைவுதான்.

பனங்கூடல் ரீச்சர், அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள் என்று எழுதினீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். பள்ளிக்கூடக் கேற்றடியில் நிற்பதென்றால் எங்களுக்கு அந்தப் பழைய பயம் வரும். நாங்கள் விட்டுவிட்டுப் போன இடம் அல்லவா?

#10 பனங்கூடல்

நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன் தங்கச்சி. நன்றி.

#11 கடலோரம்

நேற்று அம்மாவிடம் கேட்டேன். அம்மம்மா பெற்ற ஒன்பதில் மூன்று தவறிவிட்டது. முதல் பிள்ளை, அந்தப் பதினாறு வயதில் பெற்றது, ஏழாம் நாள் போய்விட்டதாம். பெயர் கூட வைக்கவில்லையாம். அம்மாவே எனக்கு இதை முதல் தரம் சொல்கிறா. நான் மேலே எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். செம்பருத்தி அக்காவுக்கு நன்றி.

#12 கச்சேரியடி

நீதிமன்றப் பக்கம் வேலை செய்கிறவன். சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் பாதிச் சனம் பயத்திலேயே பிழையான முடிவு எடுக்கிறது.

1995ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பொதுச் சட்டத்தின் கீழ்த் திருமண வயது 18, ஆணுக்கும் பெண்ணுக்கும். எங்களுக்கென்று வழக்கச் சட்டமான தேசவழமை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். தேசவழமை சொத்துப் பற்றியது, வயதை அது குறைக்காது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு உறவு வைத்தால், அவள் சம்மதித்தாள் என்பது சட்டத்தில் செல்லாது, அது பாலியல் வன்புணர்வுக் குற்றம். கோயிலில் தாலி கட்டி விட்டோம் என்றாலும் அதே நிலைதான்.

இதனால்தான் ஒளிக்கிறார்கள். பொலிஸ் வரும், பெடியனைப் பிடிப்பார்கள் என்று பயந்து கர்ப்பவதியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகாமல் விடுகிறார்கள். வளர்ந்த ஆண் ஒருவன் பதினான்கு வயதுப் பிள்ளையைக் கெடுத்த இடத்தில் சட்டம் வரத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் வழக்கு எதுவாக இருந்தாலும் கிளினிக் நிற்கக் கூடாது.

இன்னொன்று: பெற்றோர் கல்யாணம் எழுதாவிட்டாலும் பிள்ளையின் பிறப்பைப் பதியலாம். இருவரும் சேர்ந்து கேட்டால் தகப்பனின் பெயரையும் சேர்ப்பார்கள். பதியாமல் விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வயதில் விதானையார் வீட்டுக்கும் கச்சேரிக்கும் அலைகிற எத்தனையோ சின்னத் தாய்மாரைத் தினமும் காண்கிறேன்.

#13 வலிவடக்கு

நான் வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம். நலன்புரி முகாமில்தான் வளர்ந்தேன். பத்தடிக்குப் பத்தடிக் கொட்டில், கிடுகு மறைப்பு, பொதுக் கிணறு, பொது மலசலகூடம். வயதுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு தாய்மார் இரவில் நித்திரை கொள்ள மாட்டார்கள். "ஒருத்தன்ர கையில பிடிச்சுக் குடுத்திட்டால் போதும்" என்பதுதான் எல்லா வீட்டுப் பேச்சும். என்னோடு படித்தவர்களில் நாலு பேர் பதினெட்டுக்கு முன் தாயானார்கள்.

வன்னியில் கடைசி யுத்த காலத்தில் நடந்தது இன்னும் கொடுமை. கல்யாணம் முடித்த பிள்ளையைச் சண்டைக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை அவசரம் அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தாய்தகப்பனுக்கு அறிவில்லை என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற நினைத்தார்கள். அப்படிக் கட்டியவர்களில் பலர் 2009க்குப் பிறகு கைக்குழந்தையோடு தனித்து நின்றார்கள். அந்தக் குழந்தைகள் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள், சிலர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். எனக்குப் பயமாக இருப்பது இதுதான். தாய் நின்ற அதே வயதில், அதே இடத்தில் மகள் நிற்கிறாள்.

#14 நல்லூர் வடக்கு

கொஞ்சம் வேறு கேள்வி. எங்கள் வீடுகளில் சீதனமும் வெளிநாட்டு மாப்பிள்ளையும் பார்த்துப் பார்த்துக் கல்யாணமே முப்பத்தைந்தில்தான் நடக்கிறது. அது பிள்ளைக்குக் கூடாதா?

#15 இளவேனில்

நான் சொன்ன அதே 5 நாட்டு ஆய்வில் அதையும் பார்த்தார்கள். 35க்கு மேற்பட்ட தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் கூட. ஆனால் அவர்களின் பிள்ளைகள் உயரத்திலும் படிப்பிலும் முன்னுக்கு நின்றார்கள். பிறக்கும்போது உடல் ரீதியான ஆபத்து இருந்தும், பிறந்த பிறகு தாயின் படிப்பும் நிதானமும் வீட்டு வசதியும் பிள்ளையைத் தூக்கிவிட்டிருக்கின்றன. சின்னத் தாயின் பிள்ளைக்கு இல்லாமல் போவது அந்தத் தூக்கிவிடும் கைதான்.

#16 செம்பருத்தி

மகளுக்காக என்ற பிள்ளைக்கு: உன்னை அப்படிக் கேட்டவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். நான் இல்லை, ஆனால் என்னுடைய உடுப்புப் போட்டவர் யாரோதான். எங்களில் சிலர் புத்தி சொல்கிறோம் என்று நினைத்துப் பிள்ளைகளைத் துரத்தியிருக்கிறோம். ஏசுகிற ஒரு வார்த்தைக்கு இரண்டு கிளினிக் தவறும், இரண்டு கிளினிக் தவறினால் நிறை இறங்குவதைப் பிடிக்க முடியாது.

இதை வாசிக்கிற சின்னத் தாய்மாருக்குக் கையோடு சில விஷயம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்ரீயோடு விழுங்க வேண்டாம், தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். கல்சியம் மாத்திரையை அதோடு சேர்த்து எடுக்காமல் வேறு நேரத்தில் எடுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியையும் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டையும் கொடுத்து ஏமாற்ற வேண்டாம். கரண்டியைச் சரித்தால் வழியாத அளவுக்குக் கட்டியாகச் சோற்றை மசித்து, பருப்பு, மீன், முட்டை, கீரை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். பெற்றவளும் சாப்பிட வேண்டும். எங்கள் ஊரில் பால் சுறாப் புட்டு, சரக்குக் கறி என்று பெற்றவளுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. ஓடிப்போய்ப் பெற்றவளுக்கு அந்தச் சட்டியை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை பெற்ற பிறகான அந்த முப்பத்தொரு நாளும் அவளுக்குச் சமைத்துக் கொடுங்கள்.

பெற்ற பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம் காரணமில்லாமல் அழுதுகொண்டு, பிள்ளையைத் தொடவும் மனமில்லாமல் இருந்தால், அது திமிர் இல்லை. அது ஒரு நோய், மருந்து இருக்கிறது. மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

#17 ரொறன்ரோ வாசன்

செம்பருத்தி அக்கா, விளங்கிக்கொண்டேன். ரின் வேண்டாம். அப்படியென்றால் எதற்கு உதவ வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

#18 கச்சேரியடி

நான் சொல்கிறேன் அண்ணா. படிப்புக்கு. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது. ஆனால் பிள்ளை பெற்றவள் திரும்பிச் சீருடை போட்டு வகுப்புக்கு வந்ததை நான் ஒரு தரம் கூடக் காணவில்லை. கென்யாவில் 1994இலேயே பிள்ளை பெற்ற மாணவி திரும்பிப் படிக்க வரலாம் என்று கொள்கை கொண்டுவந்தார்கள். சியரா லியோன் 2020இல் தடையை நீக்கியது, தன்சானியா 2021இல். நாம் எழுத்தில் தடை வைத்திருக்கவில்லை. பார்வையாலேயே தடுத்துவிடுகிறோம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ரியூசன் காசு, பஸ் காசு, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் காசைக் கொடுங்கள்.

#19 மகளுக்காக

நான் அப்படித்தான் எழுதினேன். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது. முதல் தரம் கணிதம் போய்விட்டது, இரண்டாம் தரம் சித்தி. பரீட்சை மண்டபத்தில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள், என்னை மேற்பார்வைக்கு வந்த ரீச்சர் என்று நினைத்தார்கள். இப்போது ஒரு முன்பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். நான் வீட்டில் கொப்பியை விரித்து இருந்தபோது மகளும் பக்கத்தில் ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு இருப்பாள். அவளுக்குப் படி என்று நான் சொன்னதே இல்லை.

#20 பனங்கூடல்

மூன்று கிழமை கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பெடியனின் இடது காதுக்குள் சீழ் இருந்திருக்கிறது, எத்தனை நாளாக என்று தெரியாது. மருந்து போட்டுச் சீழ் நின்றுவிட்டது. இரத்தமும் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். காலையில் வெறும் பிளேன்ரீயோடு வருகிறான் என்றும் தெரிந்தது. தகப்பன் மேசன் கூலி, வேலை இல்லாத நாளில் அடுப்பு மூட்டுவது பின்னேரம்தான். இப்போது பள்ளிக்கூடச் சாப்பாட்டை அவனுக்குக் கொஞ்சம் முந்திக் கொடுக்கிறோம். பதினொரு மணிக்குத் தலை சாய்வது குறைந்திருக்கிறது. முன்னுக்கு இருத்தி, வலது காதுப் பக்கம் நின்று கதைக்கிறேன். முந்தாநாள் படத்தைப் பார்த்து "பூன" என்றான்.

தாயோடு நான் கேற்றடியில் கதைக்கவில்லை. வகுப்புக்குள்ளே கூப்பிட்டேன். சின்னக் கதிரையில் இருந்தாள், நானும் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையில் இருந்தேன். எடுத்ததும் பிள்ளையின் குறைகளைச் சொல்லாமல், தங்கச்சி எழுதிய நெருப்புப் பெட்டிக் கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த அட்டையை வாசித்துக் காட்டினாள், நான் கேட்காமலே. எத்தனையாம் வகுப்பு வரை படித்தனீங்கள் என்று கேட்டேன். "பத்து, ரீச்சர். கணக்கு எனக்கு நல்லா வரும்" என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

தனிப்பட்ட பரீட்சார்த்தி பற்றிச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போனாள். நேற்றுக் காலை பெடியனை விட வந்தபோது அடையாள அட்டையின் பிரதியைப் பையில் இருந்து எடுத்துத் தந்தாள். ரொறன்ரோ தம்பி, பஸ் காசு பற்றி உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மகளுக்காக தங்கச்சி, உங்கள் கணிதக் கொப்பிகள் ஏதாவது இன்னும் இருக்கிறதா?

#21 மகளுக்காக

இருக்கிறது ரீச்சர். பாடத்திட்டம் கொஞ்சம் மாறியிருக்கும், ஆனால் சமன்பாடும் கேத்திரகணிதமும் உதவும். பின்பக்கத்தில் மகள் கிறுக்கியிருக்கிறாள், அதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்தப் பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும்?